இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு

"தம்பி வாரும். ஊசி மாத்தியாச்சு. ரெண்டாம் பக்கம். வரேக்க சேர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு போத்தில்."

என் கைபேசியில் இன்னும் இருக்கும் ஒரு செய்தி இது. அதன் மேல் காட்டும் திகதியை நான் நம்பவில்லை. கைபேசியை மாற்றியபோது பழைய செய்திகள் எல்லாம் மாற்றிய நாளின் திகதியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டன. எனவே வேறு வழியில் கணக்குப் பார்த்தேன். அன்று ஸ்பிரிட் வாங்கப் போன வழியில் பெற்றோல் வரிசை எங்கள் வீதி முனை வரை நின்றது. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று மண்ணை வாரி வரிசையில் நின்றவர்களின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்தால், எரிபொருள் தட்டுப்பட்ட அந்த வருடத்தின் ஆனியிலோ ஆடியிலோ ஒரு நாள். அதைவிடக் கிட்டப் போக என்னால் முடியவில்லை.

செய்தியை அனுப்பியவர் என் பக்கத்து வீட்டுக்காரர். திருகோணமலைத் துறைமுகத்தின் வயர்லெஸ் அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் அவரை அண்ணை என்று கூப்பிட்டேன்; இங்கும் அது போதும். அவரைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் பல சம்பவங்கள் இருந்தாலும் விடயம் ஒன்றுதான். எதிலாவது ஒரு பிசகு வந்தால் அவர் அந்த இடத்திலிருந்து தொடரமாட்டார். தொடக்கத்துக்குப் போவார்.

வயர்லெஸ் அறையில் அது அவருடைய முறை. கப்பலுக்குச் சொல்லும் செய்தியில் ஒரு சொல் இரைச்சலில் உடைந்தால், உடைந்த சொல்லை மட்டும் திருப்பிச் சொல்லமாட்டார். கப்பலின் பெயரிலிருந்து ஆரம்பிப்பார். அது துறைமுகத்தின் விதியா, அவராகவே வகுத்துக்கொண்ட விதியா என்று பலரிடம் விசாரித்தேன். ஆளுக்கொரு பதில் கிடைத்தது. இழுவைப் படகில் வேலை செய்த மூதூர்க்காரர் ஒருவர் சொன்னதுதான் நினைவில் நிற்கிறது.

"உங்கட அண்ணன் டியூட்டியில எண்டா நாங்க தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டுத்தான் கயிறு அவிழ்ப்பம். எப்பிடியும் மூணு தரம் சொல்லுவார். மூணாந் தரம் கப்பல்காரன் அழுவான்."

"பிழை விட்டதில்லையே?"

"பிழை விட நேரம் எங்க இருந்திச்சு அவருக்கு?"

என் தங்கையின் மகளுடைய கல்யாணத்தில் அவரை மாப்பிள்ளை வீட்டாருக்குப் பக்கத்தில் இருத்தினோம். அது நான் செய்த ஏற்பாடு. அவருக்குப் பின்னால் ஒலிபெருக்கிக்காரனின் பெட்டி இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கியதும் மைக்கில் ஒரு ரீங்காரம் வந்தது. மண்டபத்தில் வேறு எவருக்கும் அது கேட்டிருக்காது. இவர் எழுந்து போய் வயரைப் பிடுங்கி, பல்லால் கடித்துச் சீவி, திரும்பச் செருகினார். ரீங்காரம் போய்விட்டது. வந்து இருந்தவர் ஐயரைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, "ஐயா, முதலில இருந்து ஒருக்காச் சொல்லுங்கோ. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் கேக்கேல்லை" என்றார். ஐயர் சொல்லவில்லை என்பது வேறு கதை. அண்ணை அன்று சாப்பிடாமல் எழும்பிப் போனார். அந்தக் கல்யாணம் அரைவாசியில்தான் தொடங்கியது என்று பல வருடங்களுக்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். மணப்பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். பாடசாலையில் தையல் ரீச்சராக இருந்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை செய்தும் நடக்க முடியாமல் பின்னறைக் கட்டிலோடு ஆகிவிட்டார். வாய் மட்டும் எப்போதும் போல நடந்துகொண்டிருந்தது.

வீட்டில் இசைத்தட்டுகள் ஒரு அலுமாரி நிறைய இருந்தன. கப்பல்காரர்களிடமும் கொழும்பிலும் வாங்கியவை. அவற்றைப் போடும் இயந்திரம் முன் கூடமான ஹோலில், சுவரோடு சேர்த்துக் கட்டிய சீமெந்துத் தட்டில் இருந்தது. துறைமுகத்துக்குப் போகும் பாரவண்டிகள் வீதியில் ஓடும்போது நிலம் அதிரும், ஊசி துள்ளும் என்பதற்காக அவரே மேசனை வைத்துக் கட்டுவித்த தட்டு. அக்கா விழுவதற்கு முன் ஹோலில் இருந்து கேட்டார். விழுந்த பிறகு பின்னறைக்கு ஒன்றும் வரவில்லை. நடுவில் இரண்டு சுவரும் குசினியும் இருந்தன.

"இயந்திரத்தை அக்காவின்ர அறைக்குள்ள கொண்டுபோய் வைச்சால் என்ன அண்ணை?" என்று கேட்டேன்.

"அங்க ஃபான் ஓடுது. ஊசிக்குக் காத்து ஆகாது."

"ஃபானை நிப்பாட்டினால்?"

"அவ அவிஞ்சு போவா. என்ன கதை கதைக்கிறீர்?"

"சத்தத்தைக் கூட்டினால்?"

"ஸ்பீக்கர்ச் சத்தத்துக்கே ஊசி நடுங்கும். பிறகு நடுங்கின சத்தம்தான் கேக்கும்."

இதற்கு வழி காட்டியவர் ரிஸ்வான். கிண்ணியாக்காரர், பஸ் நிலையத்துக்குக் கிட்டக் கணினி திருத்தும் கடை வைத்திருந்தவர். இசைத்தட்டில் இருந்து வரும் ஒலியை ஒரு சின்னப் பெட்டி எண்களாக மாற்றும். உள்ளங்கையளவு கணினி ஒன்று அதை வாங்கி வைஃபை வழியாக வீட்டில் எந்த அறைக்கும் அந்த நேரத்திலேயே அனுப்பும். பின்னறையில் ஒரு ஸ்பீக்கர் வைத்தால் முன்னால் ஓடும் தட்டு பின்னால் பாடும். ரிஸ்வான் ஒரு பின்னேரத்துக்குள் பூட்டி முடித்துவிட்டார். அவர் பூட்டிய முதல் நாளே பாட்டுப் பின்னறையில் கேட்டது என்பதை நான் இங்கே பதிய விரும்புகிறேன். பிறகு நடந்த எதுவும் ரிஸ்வானின் பிழை அல்ல.

ஒரு குறை மட்டும் இருந்தது. முன் ஹோலில் வரும் ஒலி பின்னறைக்குப் போய்ச் சேரச் சில விநாடிகள் பிடித்தன. வைஃபை தடுமாறினாலும் பாட்டு அறுந்துபோகாமல் இருக்க, கணினி கொஞ்சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் அனுப்பும் என்று ரிஸ்வான் விளக்கினார்.

"அதைக் குறைக்கலாமோ?" என்றார் அண்ணை.

"குறைக்கலாம் அங்கிள். ஆனா அறுக்கும்."

"அறுக்கக் கூடாது."

"அப்ப பிந்தும்."

"பிந்தக் கூடாது."

ரிஸ்வான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அக்கா கேட்டது மிகச் சின்ன விடயம். இதை நான் தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பழைய சினிமாப் பாட்டுகள் கொண்ட ஒரு பெரிய தட்டு இருந்தது. பக்கத்துக்கு ஐந்து பாட்டு. அதன் இரண்டாம் பக்கம் முழுவதும், நடுவில் நிற்காமல், கடைசிப் பாட்டு முடியும் வரைக்கும் ஓட வேண்டும். ஓடும் நேரம் முழுக்க அண்ணை கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கும் கதிரையில் வந்து இருக்க வேண்டும். அவ்வளவுதான். கதிரையைக் கைநீட்டிக் காட்டியே என்னிடம் சொன்னார்.

"ரெண்டில ஒண்டாவது நடக்கட்டும் தம்பி. ரெண்டும் நடந்தால் தேங்காய் அடிக்கலாம்."

நடக்கவில்லை. ஏனென்றால் அவர் தட்டை ஓடவிட்டுவிட்டு அதன் முன்னாலேயே குனிந்து நிற்பார். தட்டில் ஒரு கீறல் ஒலி கேட்டால் போதும். நாக்கைச் சப்புக்கொட்டி, ஊசியைத் தூக்கி, தூசி தட்டி, முதற்பாட்டின் முதல் கோட்டில் வைப்பார். எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை பின்னறை வாசலில் நின்று பதில் சொல்வது.

"கேக்குதோ?"

"இன்னும் வரேல்லை அண்ணை. வரும்."

"இப்ப?"

"இப்ப கேக்குது."

"இரைச்சல்?"

"இல்லை."

"வடிவாக் கேளும். இருக்கு."

அவருக்கு என் காதில் நம்பிக்கை இல்லை. அக்காவின் காதிலும் இல்லை. ரிஸ்வான் கொண்டுவந்த அளக்கும் கருவியிலும் இல்லை. பின்னறையில் நின்றால் இன்னொரு விசித்திரம். அவர் நாக்குச் சப்புவது மட்டும், பாட்டுத் தாண்டாத அந்தச் சுவர்களைத் தாண்டி உடனே கேட்கும். பாட்டு நிற்பது சில விநாடி கழித்துத்தான். ஆகவே நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பாட்டின் நடுவிலேயே அக்கா தலையணையில் தலையைத் திருப்பிச் சொல்வார்: "பாரும், இப்ப நிப்பாட்டும்." பாட்டு இன்னும் ஓரடி பாடிவிட்டு நிற்கும். முதலாம் பாட்டை நாங்கள் இருவரும் பாடமாக்கிவிட்டோம். எனக்கு இப்போதும் அதைக் கேட்டால் பல் கூசுகிறது. மூன்றாம் பாட்டைத் தாண்டிய நாட்கள் மிகக் குறைவு. ஐந்தாவதை ஒரு நாளும் எட்டவில்லை.

ஐந்தாவதை எட்ட முடியாததற்கு வேறொரு காரணமும் இருந்தது. இதைப் பிறகுதான் ஒரு புத்தகத்தில் வாசித்து அறிந்தேன். தட்டின் வெளி விளிம்பில் கோடு நீளமாக ஓடும். உள்ளே போகப் போக வட்டம் சுருங்கி, அதே அளவு ஒலியை ஒரு சின்ன வட்டத்துக்குள் நெருக்க வேண்டிவரும். அதனால் நடுவில் இருக்கும் தாளுக்குக் கிட்ட வரும் கடைசிப் பாட்டு எந்தத் தட்டிலும் சற்றுக் கரகரக்கும். அது பழுது அல்ல, அந்தப் பொருளின் இயல்பு. இதை அண்ணையிடம் சொன்னேன்.

"அப்ப செய்தவனிட்டத்தான் பிழை" என்றார். அந்தச் செய்தவன் யார் என்பதை இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரிஸ்வான் ஒரு நாள் பொறுமை இழந்து நல்ல யோசனை ஒன்று சொன்னார். "அங்கிள், நாங்க இதை ஒருக்காப் பதிஞ்சு வைப்பம். கீறலை எல்லாம் கம்பியூட்டர்ல அழிச்சுத் தாறன். பிறகு அன்ரி எத்தின தரமும் கேக்கலாம்."

"பதிஞ்சால் பிழையும் பதிஞ்சிடும்."

"அழிக்கலாம் எண்டுறன்."

"அழிச்சால் அது இந்தத் தட்டு இல்லை. இப்ப ஓடுறது இப்ப அங்க போகோணும். அதுக்குத்தானே உம்மைக் கூப்பிட்டனான்?"

ரிஸ்வான் தன் கைபேசியில் அதே கடைசிப் பாட்டைத் தேடிப் பிடித்து அக்காவின் காதுக்குப் பக்கத்தில் வைத்தும் பார்த்தார். அக்கா பாதியில் கையால் தள்ளிவிட்டார். "இது தெருவில போற பாட்டு மகன். எனக்கு என்ர வீட்டில ஓடுறது வேணும்." அப்படிப் பார்த்தால் இவரும் குறைந்தவர் அல்ல.

மான் கதையையும் எழுத வேண்டும். எங்கள் ஊரில் புள்ளிமான்கள் வீதியில் திரிவது எல்லாருக்கும் தெரியும். வீட்டுக் கதவைத் திறந்து வைத்தால் உள்ளே வந்து பழத்தோல் கேட்கும். கடல் ஈரத்தில் தட்டுகளின் உறைகள் பூஞ்சணம் பிடித்தன என்று அண்ணை ஒரு நாள் எல்லாவற்றையும் எடுத்து மதில் மேல் வரிசையாக வெயிலில் வைத்தார். தட்டுகளை உள்ளே ஒவ்வொன்றாக ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்து துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கிழட்டு மான் மதிலோரம் வந்து, வேறு உறைகளைத் தொடாமல், அக்கா கேட்ட அந்தத் தட்டின் உறையை நிதானமாக முழுவதும் தின்றது. நான் மறுபக்கம் நின்று கத்தினேன். அது மென்றுகொண்டே என்னைப் பார்த்தது.

அண்ணை ஓடி வந்தார். உறை போனதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. என் சத்தத்தில் எழுந்து வந்ததால், எந்தத் தட்டு வரை துடைத்தோம் என்பது தடுமாறிவிட்டது. முதலாம் தட்டிலிருந்து மறுபடி துடைக்கத் தொடங்கினார். அது முடிய ஒரு கிழமைக்கு மேல் சென்றது. அதுவரை பின்னறையில் ஒரு பாட்டும் இல்லை.

நான் போய் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். "மானுக்காவது முழுசாக் கிடைச்சுது" என்றார்.

வெள்ளிக்கிழமைகளில் அண்ணை பின்னேரப் பூசைக்குக் கோவிலுக்குப் போவார். அவர் வீட்டை விட்டு வெளியே போகும் நேரம் அது ஒன்றுதான். அக்காதான் யோசனை சொன்னார். அவர் கதிரையில் வந்து இருக்காவிட்டாலும் போகட்டும், பக்கமாவது ஒருக்கால் முடியட்டும்.

"கடைசிப் பாட்டிலேயே நேரா ஊசியை வைக்கட்டோ அக்கா?"

"வேண்டாம். முதலில இருந்து வையும்." பிறகு தானே சிரித்தார். "அவரோட இருந்து எனக்கும் அந்த வருத்தம் தொத்திப்போச்சு."

ஊசியை வைத்துவிட்டுப் பின்னறைக்கு வந்து நின்றேன். முதலாம் பாட்டு. இரண்டாம் பாட்டு. அக்கா கண்ணை மூடிக்கொண்டு விரலால் போர்வையில் தாளம் போட்டார். நாக்குச் சப்பும் ஓசை இல்லாத வீடு எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மூன்றாம் பாட்டு முடிந்து நான்காவது தொடங்கியதும் பின்னறை ஸ்பீக்கர் சட்டென்று நின்றது. மின்சாரம் போய்விட்டதென்று நினைத்து ஹோலுக்கு ஓடினேன். தட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி ஓடிக்கொண்டிருந்தது. என் கைபேசி அடித்தது.

"ஆர் ஊசி வைச்சது?"

"நான்தான் அண்ணை."

"சிவப்பு எரியுது. சத்த லெவல் கூடிப்போச்சு. நான் நிப்பாட்டிப்போட்டன். ஊசியைத் தூக்கும்."

வீட்டுக்கு வெளியே நின்றும் ஓடுவதைப் பார்க்கவும் நிறுத்தவும் ஏற்றமாதிரிக் கைபேசியில் செய்து தரும்படி அவர் ரிஸ்வானிடம் கேட்டு வாங்கியிருந்தது எனக்குத் தெரியாது.

"அண்ணை, நீங்கள் கோவில்ல எல்லோ நிக்கிறியள்?"

"ஓம். தீபாராதனை நடக்குது. தூக்கும் எண்டுறன்."

மணிச் சத்தம் கைபேசியிலும் கேட்டது. தூக்கினேன். அன்று எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தச் சித்திரம் கெட்டுவிடும்.

அண்ணை வந்து சேர்ந்ததும் அக்கா உரத்துப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இஞ்சாருங்கோ. உந்த ஸ்பீக்கரைக் கழட்டுங்கோ. இனி எனக்குப் பாட்டு வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று நாட்கள் அவரோடு கதைக்கவில்லை. கஞ்சியை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் குடித்தார்; அவர் கொடுத்தால் ஆறவிட்டார்.

நாலாம் நாள் அண்ணை என் வீட்டு வாசல் படலைக்கு வந்தார். வழக்கமாக மதிலுக்கு மேலால் கூப்பிடுகிறவர்.

"அவ ஸ்பீக்கரைக் கழட்டச் சொல்லிப்போட்டா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வயரின்ர பின் கறள் பிடிச்சிருக்கு, கடல் காத்து. தங்கமுலாம் பூசின புதுப் பின் வருது, வந்தால் சரி எண்டு சொன்னனான்."

"அண்ணை, அந்தக் கதிரையில ஒரு நாளாவது இருந்திருக்கிறியளோ?"

"கதிரையில இருந்தால் ஊசியை ஆர் பாக்கிறது?"

"நான் பாக்கிறன்."

வீதியில் பாரவண்டி ஒன்று போனது. அது கடந்து போகும்வரை காத்திருந்தார்.

"உமக்குக் காது காணாது."

"காணாதுதான்."

"கீறல் வந்தாலும் உமக்குத் தெரியாது."

"தெரியாது. அதாலதான் சொல்லுறன்."

படலையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். ஸ்பீக்கரைக் கழற்றவும் இல்லை. வாடைக்காற்றுத் தொடங்கி முதல் மழை பெய்த பின்னேரம் மதிலுக்கு மேலால் கூப்பிட்டார். அது கார்த்திகை மாதம். திகதி எழுதி வைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் திகதி தேடுகிற நான் அதை எழுதவில்லை என்பதை நினைத்து இப்போதும் என்னையே நொந்துகொள்கிறேன்.

ஊசி எப்படி இறங்க வேண்டும், எந்த விளக்கு என்ன நிறத்தில் இருக்க வேண்டும், தும்மல் வந்தால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றெல்லாம் சொன்னார். பின்னறைக்குப் போனார். திரும்பி வந்து தட்டின் விளிம்பை ஊதினார். மறுபடி போனார். மறுபடி வந்தார். நான் கைகட்டி நின்றேன். மூன்றாம் தரம் கதிரை நிலத்தில் உரசும் சத்தம் கேட்டது. ஊசியை வைத்தேன்.

முதலாம் பாட்டு நான் அறிந்ததே. மூன்றாவதில் வழக்கமான இடத்தில் வழக்கமான கீறல் வந்தது. என்னை அறியாமல் கை போய்விட்டது. பின்னறைப் பக்கம் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. கையை இழுத்துக்கொண்டேன். உள்ளே அவருடைய குரல் மெல்லக் கேட்டது. என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை. அக்காவின் குரலும் ஒரு தரம் கேட்டது. மழை ஓட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் பாட்டு வந்தது. தட்டில் நான் அதைக் கேட்பது இதுவே முதல் தரம். சாதாரணப் பாட்டு. புத்தகம் சொன்னபடியே கரகரத்தது. பாடியவளின் சகர எழுத்துகள் எல்லாம் சீறின. அந்த நேரம்தான் சின்னக் கணினியின் பச்சை விளக்கு மஞ்சளாக மாறியதைக் கண்டேன். அண்ணை சொன்ன நிறங்களில் மஞ்சள் இல்லை. கூப்பிடலாமா? கூப்பிட்டால் எழுந்து வருவார். வந்தால் முதலாம் பாட்டிலிருந்து. நான் கூப்பிடவில்லை. விளக்கு மஞ்சளாகவே நின்றது, பச்சையானது, திரும்பவும் மஞ்சளானது. ஊசி நடுத்தாள்வரை போய் டக் டக் என்று தட்டத் தொடங்கியது. தூக்கி வைத்தேன்.

போய்ப் பார்த்தேன். அக்கா கண்ணை மூடியிருந்தார். அண்ணை கதிரையின் நுனியில், எழும்புவதற்கு ஆயத்தமாக இருப்பவர் போல இருந்தார்.

"மூடியை மூடினீரோ? தூசி விழும்" என்றார். நான் திரும்பிப் போய் மூடினேன். அவர் எழும்பி வரவில்லை. நான் மூடியதைச் சரிபார்க்கவும் வரவில்லை.

தை மாதத்தில் அவர் போய்விட்டார். காலையில் பல் விளக்கும்போது நெஞ்சு நோகுது என்றவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. செத்தவீட்டுக்கு இழுவைப் படகுக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் ஒருவரும் அன்று பகிடி விடவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் அவர்களுடைய மகள் வந்து அக்காவை வவுனியாவுக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது.

ரிஸ்வான் தன் பெட்டிகளைக் கழற்ற வந்தபோது மஞ்சள் விளக்கைப் பற்றிக் கேட்டேன்.

"மஞ்சள் எண்டா பின்னறைக்குப் போற லைன் விழுந்து எழும்புது சேர். மழைக்கு வோல்டேஜ் இறங்கியிருக்கும். சில நேரம் ஒரு சொல்லுத்தான் விடுபடும். சில நேரம் பாட்டு முழுக்க விடுபடும்."

"எது விடுபட்டது எண்டு இதில பாக்கேலாதோ?"

"ஒண்டும் சேவ் ஆகாது. லைவ்தானே. அங்கிள் அப்பிடித்தானே கேட்டவர்?"

அதற்குப் பிறகு இரண்டு தரம் வவுனியாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் தரம் அக்கா நித்திரை. இரண்டாம் தரம் கிடைத்தார். மழை, மருந்து, மகள் வீட்டுச் சோறு எல்லாம் கதைத்துவிட்டுக் கேட்டேன்.

"அக்கா, அண்டைக்கு அந்தக் கடைசிப் பாட்டு உங்கட அறைக்குள்ள வந்ததோ?"

"எண்டைக்கு?"

"அண்ணை கதிரையில வந்து இருந்த அண்டைக்கு."

தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கும்படி மகளிடம் சொன்னார்.

"அவர் எங்க தம்பி வாயை மூடினவர்? ஹோலில ஓடுறது எங்களுக்குக் கேக்காட்டியும் அவற்ற காதுக்கு முதலே கேக்குமெல்லோ. 'இப்ப ஒரு கீறல் வரும் பாரும், இப்ப ஒண்டு வரும்' எண்டு என்ர காதுக்குள்ள சொல்லிக்கொண்டே இருந்தவர். ஒவ்வொண்டுக்கும் என்ர கையைப் பிடிச்சுப் பிடிச்சு."

"கடைசிப் பாட்டுக்கும் சொன்னவரோ?"

"சொன்னவர், சொன்னவர். கடைசி மட்டும் சொன்னவர்."

"அப்ப பாட்டுக் கேட்டதோ, இல்லையோ?"

"அவர் கதைச்சுக்கொண்டிருந்தவர் எண்டுறன். உமக்கு ஒரு கதை விளங்காதே?" என்று சொல்லிவிட்டு, மகளிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டார்.

எங்களில் முன் ஹோலில் நின்ற நான் ஒருவன்தான் அந்தப் பாட்டை முழுவதும் கேட்டவன் என்பது உறுதி. அது பின்னறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.